பெரியவர் பேசி முடித்த பிறகு

தமுவேராவுக்கு அரசாங்கம் கொடுத்திருந்த பதவியின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. சர்வதேச எரிசக்தி உறவுகளுக்கான முதன்மைச் செயலாளர். அவருடைய அக்கா தெரேத்தியா அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "எதுக்குடா இவ்ளோ நீளம்? டீசல் பிச்சைக்காரன்னு போட்டா போதாதா?" என்று கேட்டாள். தமுவேரா வாய்விட்டுச் சிரித்தார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்தது.

அக்கா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவருடைய வேலை அப்படிப்பட்டது. காலையில் ஏதாவது ஒரு தேசத்தின் பெரிய மண்டபத்தில், "நீங்கள் எரிக்கிற எண்ணெயில் எங்கள் தீவுகள் மூழ்குகின்றன, நிறுத்துங்கள்" என்று உலகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபடியே அதே ஆட்களிடம், "அடுத்த கப்பலில் டீசல் கொஞ்சம் கூடுதலாக அனுப்புவீர்களா" என்று கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே வாய் சொல்லியாக வேண்டும். வெட்கம் பார்த்தால் தலைநகர் தராவாவில் ஆஸ்பத்திரி விளக்கு எரியாது. மற்ற நாடுகளில் இந்த வேலைக்கு ஒரு கட்டடம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். எங்களுக்குத் தமுவேரா இருந்தார். ஏசி வேலை செய்யாத ஓர் அறையும், கூட்டங்களுக்கு மட்டும் கட்டிக்கொள்ளும் ஒரு நீலக் கழுத்துப்பட்டியும் அவருக்கு இருந்தன.

அவர் பிறந்தது நமோரோ என்கிற தூரத்துத் தீவில். தராவாவிலிருந்து கப்பலில் போய்ச் சேர்வதற்குள் மனிதனுக்குப் பிறந்த பயனே மறந்துபோகும், அவ்வளவு தூரம். அங்கே மனேபா என்கிற ஊர்ப் பொதுமண்டபத்தின் கூரைக்குக் கீழே ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதனதன் இடம் உண்டு. தமுவேராவின் குடும்பத்துக்குக் கிழக்குப் பக்கம், மூன்றாவது தூணை ஒட்டி. அப்பா செத்த பிறகு அந்த இடம் அவருக்கு வந்தது. தராவாவில் அவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், ஊருக்குப் போனால் அந்தத் தூணடியில்தான் பாய் விரித்து உட்காருவார். அங்கே உட்கார்ந்தால்தான் முதுகு வலிக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மனேபாவில் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு பெரியவர் பேசி முடித்தால் உடனே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவர் சொன்னது இறங்கி உட்கார நேரம் கொடுக்க வேண்டும். அதிலும், அவரை மறுத்துப் பேசப்போகிறவன் எவனோ அவன்தான் எல்லோரையும்விட அதிக நேரம் தலையைக் குனிந்து பேசாமல் இருக்க வேண்டும். அதை யாரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால் மௌனம் நீள நீளப் பேசியவருக்கு இருப்புக் கொள்ளாது. ஆகா, பலமான மறுப்பு ஒன்று வரப்போகிறது என்று அவர் பாயில் நெளிய ஆரம்பித்துவிடுவார். பட்டென்று பதில் சொல்கிறவனைப் பார்த்து, இவனை யார் வளர்த்தார்கள் என்று பெண்கள் முகவாயை இடித்துக்கொள்வார்கள்.

ஒரு வருஷம் பௌர்ணமி அலை நமோரோவின் நடுமுதுகைத் தாண்டிப் போனது. வீடுகள் தப்பின. கிணறுகள் தப்பவில்லை. கிழங்குக் குழிகளில் உப்பு இறங்கி, பாபாய்க் கிழங்கெல்லாம் அழுகி நாறியது. கடல் தண்ணீரிலிருந்து உப்பை நீக்கும் மெஷின் ஒன்றை ஒரு நாடு இனாமாகக் கொடுத்தது. அது டீசல் குடித்தது. அதற்குப் பதிலாக வெயிலிலேயே ஓட்டலாம் என்று இன்னொரு நாடு சோலார் தகடுகளைக் கொடுத்தது. அந்தத் தகடுகளை மெஷினோடு சேர்க்கும் பெட்டி உப்புக் காற்றில் துருப்பிடித்து முதல் மழைக்காலத்திலேயே செத்தது. புதுப் பெட்டியை மூன்றாவதாக ஒரு நாடு தருவதாகச் சொன்னது. சொல்லிக்கொண்டே இருந்தது. ஆக, ஊருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் டீசல் வேண்டும். டீசல் கப்பல்காரர்களோ, அவ்வளவு தூரம் வந்தால் கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

தெரேத்தியா நமோரோவில் இருந்தாள். வாரா வாரம் போனில் வருவாள். நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

"தண்ணி கரிக்குதுடா. டீ போட்டா அழுத மாதிரி இருக்கு. கப்பல் வருமா வராதா?"

"வரும் அக்கா. ஒப்பந்தம் ஒண்ணு பேசிட்டிருக்கோம்."

"ஒப்பந்தத்த ஊத்திக் குடிக்க முடியுமா?"

அந்த ஒப்பந்தத்தில்தான் தமுவேராவின் உயிர் இருந்தது. சோலார் முழுதாக வந்து சேரும்வரை தீவுகளுக்கு வேண்டிய எண்ணெயையும் கப்பல் கூலியையும் ஒரு பெரிய நாடு ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் சாரம். அதில் ஒரு வரி, "தூரத்துத் தீவுகளும் இதில் அடங்கும்" என்று இருந்தது. அந்த ஒரு வரியை உள்ளே கொண்டுவர அவர் நாயாக அலைந்தார். எத்தனையோ விமான நிலையப் பெஞ்சுகளில் தூங்கினார். தம்மைவிட வயதில் சின்னவர்களை ஐயா என்று கூப்பிட்டார். வரைவில் அந்த வரி ஏறிய அன்று அக்காவைக் கூப்பிட்டு, "இனிமே ஊர விட்டு யாரும் போக வேண்டாம்" என்றார். இறுதிக் கூட்டத்தில் அதை யாரும் உருவாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பாக்கி.

கூட்டம் பக்கத்து நாட்டுத் தலைநகர் சுவாவில், கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் நடந்தது. இத்தனை வருஷத்தில் தமுவேரா இந்த மாதிரிக் கூட்டங்களில் பிழைக்கக் கற்றிருந்தார். மைக்கின் பொத்தானை முந்தி அழுத்த வேண்டும், அடுத்தவர் மூச்சு விடும்போது உள்ளே புகுந்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெரிய நாடு வழக்கமாக அனுப்புகிற ஆட்களிடம் அது சுலபமாகவும் இருந்தது. இறுக்கமான கோட்டு போட்ட சின்னப் பையன்கள், எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசுகிறவர்கள். அவர்களிடம் மரியாதை காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

இந்தத் தடவை வந்தவர் பிரெந்திஸ். தலை முழுக்க நரைத்த மனிதர், கையில் ஊன்றுகோல். வாலிபத்தில் எங்கள் தீவுகளில் வாத்தியாராக இருந்தவராம். தமுவேராவைப் பார்த்ததும் "மவுரி" என்று எங்கள் மொழியில் வணக்கம் சொன்னார். உச்சரிப்பு எங்கள் ஆட்களைப் போலவே இருந்தது. வரவேற்பு அன்று நாற்காலி போட்டும் உட்காராமல், முழங்கால் வலியோடு பாயில் சம்மணம் போட்டார். தலையில் வைத்த பூமாலையைக் கடைசிவரை கழற்றவில்லை. ரொட்டிப்பலாவைச் சுட்டுத் தின்றால்தான் ருசி, அவித்தால் வீண் என்று தமுவேராவோடு சண்டை பிடித்தார். தமுவேராவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அதுதான் வினை.

மறுநாள் அந்த வரி விவாதத்துக்கு வந்தது. பிரெந்திஸ் பேசினார். சத்தமே இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக வைத்துப் பேசினார். இது தமக்குக் கடைசிக் கூட்டம், ஊருக்குப் போய்த் தோட்டம் போடப்போவதாகச் சொன்னார். இந்தத் தீவுகளில் குடித்த பதநீரைப் பற்றிச் சொன்னார். பிறகு, தூரத்துத் தீவுகள் பற்றிய அந்த வரியின் நியாயம் தமக்கு மனப்பூர்வமாகப் புரிகிறது என்றும், ஆனால் அதன் செலவை இன்னும் யாரும் கணக்கிடவில்லை என்றும், ஆகவே இப்போதைக்கு அதை எடுத்துவிட்டு அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என்பது ஒரு கிழவனின் தாழ்மையான யோசனை என்றும் சொன்னார். ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, கைகளை மடியில் சேர்த்துக்கொண்டார்.

தமுவேராவிடம் பதில் தயாராக இருந்தது. பல வருஷமாகத் தயாராக இருந்த பதில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் பேசி முடித்தவர் ஒரு பெரியவர். பாயில் உட்கார்ந்தவர், எங்கள் மொழியில் வணக்கம் சொன்னவர். மறுக்கப்போகிறவன் தான்தான். தமுவேரா பொத்தானிலிருந்து கையை எடுத்தார். தலையைக் குனிந்தார். யோசித்துச் செய்யவில்லை. தும்மல் வந்தால் கை முகத்துக்குப் போகிற மாதிரி, அதுவாக நடந்தது.

மற்ற தீவுக்காரர்களும் பேசவில்லை. பாதிப் பேர் தமுவேரா பேசட்டும் என்று மரியாதைக்காக இருந்தார்கள். அந்த மௌனத்தில் தமுவேராவுக்கு ஒரு நிம்மதிகூட இருந்ததாம். ஊரில் மூன்றாவது தூணில் சாய்ந்திருக்கிற மாதிரி இருந்தது என்று பிறகு அக்காவிடம் சொன்னார்.

கூட்டத்தின் தலைவர் எங்கோ வடக்கிலிருந்து வந்தவர். மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "யாருக்கும் ஆட்சேபம் இல்லை. நிறைவேறியது" என்று மரச்சுத்தியால் தட்டினார்.

தமுவேரா கையைத் தூக்கினார். எழுந்தே நின்றார். தலைவர் சங்கடத்தோடு சிரித்தார். "முடிந்துவிட்டது, முதன்மைச் செயலாளர் அவர்களே. அடுத்த கூட்டத்தில் எழுப்பலாமே." அடுத்த கூட்டம் இரண்டு வருஷம் கழித்து. தமுவேரா ஏதோ சொன்னார். மைக்கை ஏற்கெனவே அணைத்திருந்தார்கள். அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வரும்போது பிரெந்திஸ் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, "உங்கள் பெருந்தன்மையை மறக்க மாட்டேன்" என்றார். கண்ணில் ஈரம் இருந்தது. அந்த ஈரம் நிஜமா என்று தமுவேரா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அமைச்சர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "அதான் மத்ததெல்லாம் கெடைச்சிருச்சே. தராவாவுக்கு எண்ணெய் வருது, போட்டோவும் நல்லா வந்திருக்கு. ஒரு வரி போனா என்ன, விடுங்க" என்றார்.  அந்த ஒரு வரியில் தம் ஊர் இருந்தது என்று தமுவேரா சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

போனில் சொல்ல மனம் வராமல் அவரே நமோரோவுக்குப் போனார். மனேபா நிறைந்திருந்தது. மூன்றாவது தூணடியில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பெரியவர் பேசினார், நான் காத்திருந்தேன், அவர்கள் தட்டிவிட்டார்கள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தார். மௌனம் விழுந்தது. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். துப்பினாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தார். கூரை ஓலையில் காற்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

நபூரா என்கிற மூத்த கிழவர் கடைசியாகப் பேசினார். தமுவேராவின் கழுத்துப்பட்டியைப் பார்த்தால் மீன் மாட்டுகிற கயிறு என்று கேலி செய்கிறவர். அன்று கேலி இல்லை.

"நீ செஞ்சது சரிதான்பா. ஒங்கப்பன் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பான். நானும்தான். ஒரு கெழவன் பேசி வாய மூடுறதுக்குள்ள பாஞ்சு விழுற பயல நாங்க வளக்கல."

மற்றவர்கள் தலையசைத்தார்கள். ஒருத்தர் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஊரில் குடிக்கிற மாதிரி மிச்சமிருந்தது அதுதான், அதை அவர் கையில் கொடுத்தார்கள். தமுவேரா அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். தவறு செய்தவனைத் திட்டினால் அவன் அழுது தீர்த்துவிடுவான். மரியாதையாக நடந்தாய் என்று தட்டிக் கொடுத்தால் அவன் எங்கே போவான்?

தெரேத்தியா மட்டும் வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள்.

"அந்தாளு நம்ம பக்கத்துல வாத்தியாரா இருந்தவன்தானே?"

"ஆமா."

"அப்ப அவனுக்குத் தெரியாதா, நீ எதுக்கு வாய மூடிட்டிருந்தன்னு?"

"தெரிஞ்சிருக்காது அக்கா. வயசான மனுஷன். நல்லவரு."

"தெரியும்டா. தெரிஞ்சுதான் கைய மடியில வச்சுட்டு உக்காந்திருந்தான். சுத்தி அடிக்கிறவரைக்கும் அவன் நெளிஞ்சானா? நீயே சொல்லு, நெளிஞ்சானா?"

தமுவேரா யோசித்தார். பிரெந்திஸ் நெளியவில்லை. மனேபாவில் அவ்வளவு மௌனம் வந்தால் எந்தக் கிழவரும் நெளிந்திருப்பார். அவர் எழுந்து கடலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. மெஷின் இழுத்துப் பறித்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓடியது. மழையும் ஏய்த்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, ஒரு குழந்தை போயிற்று. அரசாங்கம் ஊரைக் காலி செய்யச் சொன்னது. ஆட்களை ஏற்றிப்போக வந்த கப்பலுக்கு மட்டும் எண்ணெய் எங்கிருந்தோ கிடைத்தது. நபூரா கடைசியாக ஏறினார். ஏறும்போது மனேபாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று பயந்தாராம்.

தராவாவில் தமுவேராவின் வீட்டைச் சுற்றித் தகரக் கொட்டகைகள் முளைத்தன. ஊர்க்காரர்கள் கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அவருடைய பாய், பானை, படுக்கை எல்லாம் போயிற்று. அவர் தாழ்வாரத்தில் படுத்தார். கூட்டம் போட அவர்களுக்கு இடமில்லை. அந்தப் பகுதி ஆட்களான எங்களிடம் மனேபாவைக் கேட்டு வாங்கி, விருந்தாளிகள் உட்காரும் ஓரத்தில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். யாருக்கும் தூண் இல்லை. நமோரோவில் எதிரும் புதிருமாக இருந்த குடும்பங்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே எனக்கு மனசு பொறுக்காது.

தமுவேரா மாறினார். அலுவலகத்தில் யார் வாயைத் திறந்தாலும் வெட்டிப் பேசினார். கண்ணாடி முன்னால் நின்று பழகினார் என்றுகூடச் சொல்வார்கள். இரண்டு வருஷம் கழித்து மறுபடி கூட்டம் வந்தது. பிரெந்திஸ் தோட்டம் போடப் போய்விட்டிருந்தார். அவருடைய இடத்தில் ஒரு இளம்பெண் வந்திருந்தாள். அவள் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் தமுவேரா பொத்தானை அழுத்தினார். அவள் நிறுத்தினாள். அவர் நிறுத்தவில்லை. தலைவர் சுத்தியைத் தூக்கும்போதெல்லாம் குரலை உயர்த்தினார். செத்துப்போன குழந்தையின் பெயரைச் சொன்னார். மண்டபம் திணறிப்போய் ஒத்துக்கொண்டது. தூரத்துத் தீவுகளும் இதில் அடங்கும் என்று வரி ஏறியது. கை தட்டினார்கள்.

அந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு அவர் தராவாவுக்கு ஓடிவந்தார். இரவல் மனேபாவின் ஓரத்தில் எல்லோரையும் கூட்டினார். எண்ணெய் வரும், மெஷினைப் பழுது பார்த்துத் தருவார்கள், ஊருக்குத் திரும்பலாம் என்று மூச்சு விடாமல் சொன்னார். சின்ன வயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பலருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்திருந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். மௌனம் நீண்டது. நபூரா தொண்டையைச் செருமினார். தராவாவுக்கு வந்த நாள் முதல் அந்தக் கிழவர் கூட்டத்தில் பேசியதே இல்லை. நம் இடமில்லாத இடத்தில் என்ன பேச்சு என்று இருந்துவிட்டார். அன்று பேச ஆரம்பித்தார்.

"தமுவேரா, நமோரோவுல எங்களுக்கு..."

"அது இல்ல பெரியவரே விஷயம்," என்றார் தமுவேரா. "கப்பல் எப்போ வருதுன்னா..."

பேசிக்கொண்டே போனார். கப்பலைப் பற்றி, பீப்பாய்களைப் பற்றி, பெட்டியைப் பற்றி. யாரும் தம்மைப் பார்க்கவில்லை, எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. ஒரு பெண் முகவாயை இடித்துக்கொண்டாள். நபூரா வாயை மூடியிருந்தார். கைகளை மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

தெரேத்தியா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவரு இன்னும் முடிக்கலடா."

தமுவேரா பேச்சை நிறுத்தினார். தலையைக் குனிந்தார். நெற்றி பாயில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். காத்திருந்தார். தொழுகிற ஆள் மாதிரிக் காத்திருந்தார். கிழவர் சொல்லட்டும், ஒரு வார்த்தை சொல்லட்டும், திட்டாகவாவது இருக்கட்டும் என்று காத்திருந்தார். வெளியே பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது. நபூரா எழுந்து, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்தார். நமோரோவில் எங்களுக்கு என்று தொடங்கியவர் எதைச் சொல்ல வந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. திரும்பலாம் என்று சொல்ல வந்தாரா, வேண்டாம் என்று சொல்ல வந்தாரா என்று கொட்டகைகளில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். மூத்தவர் சொல்லாமல் யாரும் புறப்படவில்லை.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கப்பல் நமோரோவுக்குப் போய்வருகிறது. ஆளில்லாத கரையில் பீப்பாய்களை இறக்கிவிட்டு வருகிறது. பழைய பீப்பாய்கள் துருப்பிடித்து டீசல் மணலில் இறங்குவதாக மாலுமிகள் சொல்கிறார்கள்.

தமுவேரா ஓய்வு பெற்றுவிட்டார். கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஓரத்திலும் ஓரமாக வந்து உட்காருகிறார். யார் பேசினாலும், சின்னப் பிள்ளை பேசினால்கூட, பேச்சு முடிந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறார். மறுக்கத்தான் போகிறார் என்று ஆரம்பத்தில் எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தோம். அவர் ஒன்றும் பேசுவதில்லை. இப்போதெல்லாம் நாங்கள் காத்திருப்பதில்லை, அடுத்த ஆள் பேச ஆரம்பித்துவிடுகிறார்.